ஹத்தாத் வீட்டுப் பெண்

விழுப்புரத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஓர் ஆன்லைன் சென்டரில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். பட்டா, பான் கார்டு, வாரிசுச் சான்று என்று ஆளுக்கொரு நாற்காலி. என்னுடையது பாஸ்போர்ட் நாற்காலி. எதிரே வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். ‘சர்நேம்’ என்று ஒரு கட்டம் வரும்.

“சர்நேம்னா இன்னாங்க?”

“குடும்பப் பேருங்க.”

“குடும்பத்துக்கு ஏதுங்க தனியா பேரு?”

சிலர் ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். சிலர் குலசாமி பெயரைச் சொல்வார்கள். ஒருவர் ரேஷன் கார்டை நீட்டி, இதில் எங்காவது இருந்தால் எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். நம்மிடம் இருப்பதெல்லாம் அப்பா பெயரின் முதல் எழுத்து ஒன்றுதான். அதை விரித்து அந்தக் கட்டத்துக்குள் உட்காரவைத்து, அவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பிவைப்பது என் பிழைப்பு. இந்த ஜில்லாவில் சர்நேமைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இருக்க முடியாது என்ற திமிர் எனக்கு இருந்தது. போன வருஷம் அது நன்றாக இறங்கியது.

எனக்கு நான்கு வயதில் அம்மா குவைத்துக்குப் போனாள். அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்கு நிலம் கிடையாது. பிரம்மதேசம் பக்கம் அடுத்தவர் கொல்லையில் களை எடுப்பதும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குவதும்தான் வேலை, அதுவும் வருஷம் முழுவதும் இருக்காது. திண்டிவனத்தில் ஒரு ஏஜெண்ட் மூலம் பாஸ்போர்ட் எடுத்து, என்னைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கப் போனாள். அவள் போன மூன்றாம் மாதம் அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்குப் பத்து வயது முடிகிறவரை அம்மா அங்கேதான் இருந்தாள்.

நடுவில் மூன்று முறை லீவில் வந்தாள். முதல் முறை வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை, பெரியம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டேன். இரண்டாம் முறை அடையாளம் தெரிந்தது, ஆனால் கூச்சமாக இருந்தது. மூன்றாம் முறை தலைக்கு எண்ணெய் வைக்கிறேன் என்று கூப்பிட்டாள். நானே வைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகும் அவள் கையில் கிண்ணத்தோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் போன் வரும். ஊரில் ஒரு மளிகைக் கடையில் மட்டும்தான் போன் இருந்தது. பெரியம்மா எனக்குத் தலைவாரி, கவுன் மாட்டி, ஏதோ விசேஷத்துக்குப் போவதுபோல் கூட்டிக்கொண்டு போவாள். “பாப்பா, சாப்ட்டியா? இஸ்கூல் போறியா?” என்று அம்மா ஆரம்பிக்கும்போதே பின்னால் ஒரு குழந்தை சிணுங்குவது கேட்கும். “இரு, பாப்பா அழுவுது, வச்சிடறேன்” என்பாள். என்னையும் பாப்பா என்றாள், அதையும் பாப்பா என்றாள். கடையிலிருந்து வீடு வருகிறவரை அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே வருவேன். முகம் தெரியாமலே நான் அவ்வளவு நாள் திட்டியது என் வாழ்க்கையில் அவளை மட்டும்தான்.

அம்மா சொல்லித்தான் அந்த வீட்டுப் பெயர் எனக்குத் தெரியும். அல்-ஹத்தாத். வாசல் கதவுக்குப் பக்கத்தில் பித்தளைத் தகட்டில் வெட்டிப் பதித்திருந்ததாம். “வாரத்துக்கு ஒரு தபா அத பளபளன்னு தொடைக்கணும். இன்னா எழுதியிருக்குன்னு தெரியாது, ஆனா ஒவ்வொரு எழுத்தோட வளைவும் எங்கைக்குத் தெரியும்” என்பாள்.

இப்போது அம்மா என்னோடு திண்டிவனத்தில் இருக்கிறாள். சர்க்கரை இருக்கிறது, ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொன்றுக்கு ஆக வேண்டும். எதையும் வேண்டும் என்று கேட்கிற பழக்கமே இல்லாதவள், போன வருஷம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்: “அந்தப் பொண்ணு கொரல ஒரு தபா கேட்டுட்டா போதும்டி.”

எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. பைபிளின் கடைசித் தாளில் எழுதிவைத்திருந்த குவைத் நம்பரை அவளாகவே பலமுறை அடித்துப் பார்த்திருக்கிறாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த நம்பர் இப்போது யாருக்கும் இல்லை.

“நான் தேடித் தர்றேன்” என்றேன். ஆன்லைன் சென்டர்காரி வேறு எப்படிச் சொல்வாள்? அம்மா அன்றைக்கு ராத்திரிச் சோறு ஒரு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

தினமும் காலையில் திண்டிவனத்தில் ரயில் ஏறி விழுப்புரம் போகிறேன், மாலையில் திரும்புகிறேன். அந்த நேரத்தைத் தேடலுக்கு ஒதுக்கினேன். அந்தப் பெண்ணுக்கு இருந்தது அங்கே வீட்டுக்கு ஒருத்திக்கு வைக்கிற பெயர். கூடவே ஹத்தாத். ஃபேஸ்புக்கில் அடித்ததும் திரை நிறைய வந்தார்கள். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தார்கள். மயிலம் ஸ்டேஷனில் தொடங்கி, ரயில் முண்டியம்பாக்கம் தாண்டியும் முடியவில்லை. பாதிப் பெண்களின் படத்தில் முகமே இல்லை. ரோஜா, குதிரை, காபிக் கோப்பை, கடல். இவர்களில் யார் என் அம்மாவின் தோளில் தூங்கியவள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பாய் எங்கள் சென்டருக்கு வருவார். குவைத்திலும் பஹ்ரைனிலும் இருபது வருஷம் கடையில் இருந்தவர், அரபி சரளமாகப் படிப்பார். மகனின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வந்தவரிடம், ஹத்தாத் குடும்பம் ஒன்றைக் குவைத்தில் தெரியுமா என்று கேட்டேன். பேச்சுக்கு ஆள் கிடைத்துவிட்டாள் என்பதுபோல் சிரித்தார்.

“எந்த ஹத்தாத்தம்மா? அரபில இரும்புக்கு ஹதீதுன்னு பேரு. ஹத்தாத்னா கொல்லரு. ஊருக்கு ஊரு கொல்லுப்பட்டற இருந்திருக்குமில்ல? பட்டறைக்கு ஒரு ஹத்தாத்னு வச்சிக்கோ. குவைத்துல இருக்காங்க, பஹ்ரைன்ல இருக்காங்க, சிரியா, ஏமன், எங்க போனாலும் இருக்காங்க. எங்க ஆளுங்க மட்டும் இல்ல. லெபனான்ல சர்ச்சுக்குப் போற ஹத்தாத்தே ஏகப்பட்ட பேரு.”

“அப்ப எல்லாரும் ஒரே வம்சம் இல்லியா பாய்?”

“அதெப்டி? தொழிலுதான் ஒண்ணு. வம்சம் வேற வேற. தச்சருக்கு நஜ்ஜாருன்னு பேரு, அவங்களும் அப்டித்தான். இன்னிக்கு ஹத்தாத்துங்க டாக்டரா இருக்காங்க, பேங்க்ல இருக்காங்க. சுத்தியலத் தொட்டே பாத்திருக்க மாட்டாங்க. பேரு மட்டும் நின்னுபோச்சு.”

அவர் போன பிறகும் அது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் தாத்தாவையும், அதாவது அம்மாவின் அப்பாவை, ஊரில் தொழிலைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அது தொழிலின் பெயராகவா இருந்தது? திட்டாக இருந்தது. அந்த வார்த்தை தன் பிள்ளைகள் மேல் விழக்கூடாது என்றே அவர் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவராகி, அழகான ஒரு தமிழ்ப் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாராம். அங்கே கொல்லரின் கொள்ளுப் பேரன் கொல்லர் என்பதைப் பித்தளையில் வெட்டி வாசலில் மாட்டுகிறான், அதைத் துடைக்க எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தி போகிறாள். எங்கள் பழைய பெயரை வாசலில் மாட்டினால் திண்டிவனத்தில் எனக்கு வாடகைக்கு வீடு கிடைக்குமா? எனக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியாததால் பக்கத்து நாற்காலிக்காரியிடம் ஸ்டேப்ளருக்காகச் சண்டை போட்டேன்.

ஆனாலும் தேடினேன். ஒரே கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொருத்திக்கும் அனுப்பினேன். என் அம்மாவின் பெயர் இன்னது, ஊர் திண்டிவனம், குவைத்தில் உங்கள் வீட்டில் குழந்தை பார்த்தாரா, தெரிந்தால் சொல்லுங்கள். அம்மாவின் படத்தை மட்டும் அனுப்பவில்லை. முன்பின் தெரியாதவர்களுக்குப் படம் அனுப்பாதீர்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் நான்.

பெரும்பாலானோர் பார்க்கவே இல்லை. ஜோர்டானில் ஒரு பல் டாக்டர், நாங்கள் குவைத் பக்கமே போனதில்லை, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம் என்று எழுதினாள். கனடாவில் பெண் பெயரில் இருந்த ஒருவன் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டான். காபிக் கோப்பைப் படம் வைத்திருந்த ஒருத்தி குவைத்திலிருந்து மரியாதையாகப் பதில் போட்டாள். சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஓர் இந்தியப் பெண்மணி இருந்தார், ஆனால் நீங்கள் சொல்லும் பெயர் அவருடையது இல்லை, உங்கள் அம்மா தேடுகிறவர் கிடைக்கட்டும் என்றாள்.

“இதுவும் இல்லம்மா” என்று அம்மாவிடம் சொன்னேன். குரலில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டேன். உள்ளே எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. உண்மையை எழுதத்தானே உட்கார்ந்திருக்கிறேன்? தேடுவதாகச் சொல்லிக்கொண்டே, கிடைக்காமல் போனால் நல்லது என்று நினைத்த மகள் நான். அம்மா “பரவால்ல, உடு” என்றாள். மறுநாள் ரயிலுக்குக் கிளம்பும்போது என் போனைச் சார்ஜிலிருந்து எடுத்து அவளே கையில் கொடுத்தாள். அதற்கு அடுத்த நாளும் கொடுத்தாள். மூன்று மாதம் இப்படியே போயிற்று.

ஒருநாள் ஓமந்தூர் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். பழைய பாஸ்போர்ட்டில் பெயர் முன்னும் பின்னும் மாறியிருப்பதாகவும் திருத்த வேண்டும் என்றும் சொன்னார். நம் வழக்கப்படி அப்பா பெயரை முன்னாலும் தன் பெயரைப் பின்னாலும் யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது அப்படியே ஏறிவிட்டது.

“துபாய்ல ஒருத்தனுக்கும் எம்பேரு தெரியாதுங்க” என்றார். “எங்கப்பா பேரச் சொல்லித்தான் கூப்டுவானுங்க. ‘அது எங்கப்பாடா’ன்னு சொன்னாலும் புரியாது. ஆறு வருஷம் எங்கப்பாவாவே வேல செஞ்சிட்டு வந்துட்டேன்.”

சென்டரே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவருடைய ஃபைலில் பெயரை அடிக்க ஆரம்பித்தவளுக்குக் கை நின்றுவிட்டது.

அன்று விக்கிரவாண்டியில் ரயிலைச் சிக்னலுக்காக நிறுத்தினார்கள். இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. வீட்டுக்கு வந்தபோது அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

“அங்க ஒன்ன எப்டிம்மா கூப்ட்டாங்க?”

“எப்டின்னா?”

“பேரு. இன்னா பேரு சொல்லி கூப்ட்டாங்க?”

“எங்கப்பா பேரச் சொல்லித்தான்” என்றாள், ஏதோ எல்லோருக்கும் தெரிந்த விஷயம்போல. “மொத நாளே ஏர்போர்ட்டுல பேப்பரப் பாத்துட்டு அப்டித்தான் கூப்ட்டாங்க. நானும் சரின்னுட்டேன். எறங்குன ஒடனே சண்டயா போட முடியும்? அப்பறம் எனுக்கே புடிச்சுப்போச்சு. அம்மாந் தூரத்துல எங்கப்பா பேரு காதுல உழுந்துக்கினே இருந்திச்சு.”

“ஏம்மா இத மின்னாடியே சொல்லல?”

“நீ கேட்டியாடி? எல்லாம் தெரிஞ்சவளாட்டம் போன வச்சிக்கினு நீதான் தேடிக்கினு இருந்த.”

டிரங்குப் பெட்டியிலிருந்து அவளுடைய பழைய பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். பெயர்க் கட்டத்தில் தாத்தாவின் பெயர். சர்நேம் கட்டத்தில் அம்மாவின் பெயர். திண்டிவனத்து ஏஜெண்ட் நாம் எழுதுகிற வரிசையிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த வீட்டுக்காரர்களுக்கு அது ஆண் பெயர் என்று எப்படித் தெரியும்? அம்மாவின் சொந்தப் பெயரை அவர்கள் வம்சத்தின் பெயர் என்று நினைத்திருப்பார்கள், அதை வீட்டில் யார் சொல்லப்போகிறார்கள்? தினம் பத்துப் பேருக்கு இந்தக் கட்டத்தை நிரப்பிக் கொடுக்கிறேன். என் அம்மாவுடையதை ஒருமுறை திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

அந்தக் காபிக் கோப்பைப் பெண்ணின் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஓர் இந்தியப் பெண்மணி இருந்தார், ஆனால் அது அவர் பெயர் இல்லை.

உடனே எழுதியிருக்க வேண்டும். இரண்டு நாள் எழுதவில்லை. இந்த முறை எழுதினால் கிடைத்துவிடுவாள் என்று பயமாக இருந்தது. கிடைத்தால் அம்மா மறுபடி அங்கே போய்விடுவாள் என்று, முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆனவள், அரை டிக்கெட் பிள்ளையைப்போல் பயந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் அம்மா வழக்கம்போல் போனைச் சார்ஜில் சொருகினாள். சொருகிவிட்டுத் திரையைத் தன் முந்தானையால் துடைத்தாள். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. தாத்தாவின் பெயரை மட்டும் அடித்து, இந்தப் பெயரில் யாராவது இருந்தார்களா என்று கேட்டு அனுப்பினேன்.

சோறு வடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. தாத்தாவின் பெயரையே திருப்பி எழுதியிருந்தாள், மூன்று முறை. பிறகு, “நீங்கள்தான் அந்த மகளா?” என்று கேட்டிருந்தாள்.

ஆமாம் என்றேன்.

பிறகு வரிசையாக வர ஆரம்பித்தது. எல்லாம் ஆங்கிலத்தில்.

“உங்கள் பள்ளிக்கூடம், உங்களுக்கு வந்த மஞ்சள் காமாலை, உங்கள் மூக்குத்தி, எல்லாம் எனக்குத் தெரியும். தூங்கவைக்கும்போது உங்கள் கதையைத்தான் சொல்வார். வெள்ளிக்கிழமை உங்களோடு பேசிவிட்டு வந்தால் அன்று முழுக்க என்னோடு பேசமாட்டார். நான் அழுதால்தான் போனை வைப்பார் என்று தெரிந்ததும், வேண்டுமென்றே அழுவேன். எனக்குப் பத்து வயதில், மகள் பெரியவளாகிவிட்டாள், இனி அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உங்களைச் சபித்தேன். மன்னித்துவிடுங்கள். அந்தப் பெயரைப் போட்டுப் பல வருஷம் தேடினேன். வந்ததெல்லாம் மீசை வைத்த ஆண்கள்.”

அடுப்படியில் நின்றபடியே படித்தேன். மகள் வேண்டும் என்றுதான் அம்மா திரும்பி வந்திருக்கிறாள். வேலை முடிந்துவிட்டது, விசா முடிந்துவிட்டது என்று நானாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கவைத்தவளுக்காகத் திரும்பி வந்தவளிடம் இத்தனை வருஷத்தில் ஏன் வந்தாய் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

“இருக்கிறாரா?” என்று கடைசியாக ஒரு வரி வந்தது. பயந்து பயந்து கேட்டிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

இருக்கிறார், இப்போதே கூப்பிடுங்கள் என்று நம்பரை அனுப்பினேன்.

போன் அடித்ததும் அம்மாவின் கையில் கொடுத்தேன். “யாருடி?” என்று கேட்டுக்கொண்டே காதில் வைத்தாள். அந்தப் பக்கம் தாத்தாவின் பெயரைச் சொல்லி ஒரு பெண் கூப்பிட்டது எனக்கே கேட்டது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அப்புறம் “ஷ்லோனிச்?” என்றாள். நலமா என்று கேட்கும் சொல் அது, அம்மா எப்போதோ சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அம்மா அரபி பேசினாள். திக்காமல், தேடாமல், மளமளவென்று பேசினாள். கொஞ்சினாள். அதட்டினாள். ஏதோ ஒரு பழைய குறும்பைச் சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு குரலை இறக்கி, மடியில் கிடக்கிற குழந்தையிடம் பேசுவதுபோல் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். அந்தக் குரலில் அவள் என்னிடம் பேசியதே இல்லை. பேச வேண்டிய வயதில் நான் பிரம்மதேசத்தில் இருந்தேன், அவள் அங்கே இருந்தாள். நாலு வயதுக்கு முன்னால் பேசியிருப்பாள், எனக்கு ஞாபகம் இல்லை.

சோறு குழைந்துகொண்டிருந்தது. எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு, சத்தம் காட்டாமல் அம்மாவின் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தையும் புரியவில்லை. குவைத்தில் இருக்கிற அந்தப் பெண் போனை வைத்துவிடக் கூடாது, இன்னும் கொஞ்ச நேரம் அம்மாவைப் பேசவைக்க வேண்டும் என்று ஆண்டவரை வேண்டிக்கொண்டிருந்தேன்.